கறுப்பு கார், போர் தண்ணி: மெழுகா, செராமிக்கா?

வேப்பமரத்தடி
ஜூன் 14, இரவு 10:40

வணக்கம். வண்டி வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. கறுப்பு ஹேட்ச்பேக், 19,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வீடு மேடவாக்கம். அபார்ட்மெண்ட்டில் கூரை போட்ட பார்க்கிங் எனக்குக் கிடைக்கவில்லை, மதில் ஓரம் வேப்ப மரத்தடியில்தான் நிறுத்துகிறேன். தினமும் விடியற்காலையில் ஒரு அண்ணன் வந்து துடைத்துவிட்டுப் போவார். மாதம் 600 ரூபாய்.

போன வாரம் பெட்ரோல் பங்க் வரிசையில் நின்றபோது வெயில் நேராக பானெட்டில் விழுந்தது. சூரியன் தெரிகிற இடத்தைச் சுற்றி வட்ட வட்டமாகச் சிலந்தி வலை பின்னியது போலக் கோடுகள். கூரையில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தாற்போல வெள்ளை வளையங்கள், நகத்தால் சுரண்டினாலும் போகவில்லை. நிழலில் வண்டி புதுசு மாதிரிதான் இருக்கிறது. வெயிலுக்கு வந்தால் பத்து வயது கூடிவிடுகிறது.

இரண்டு கடையில் கேட்டேன். ஒருவர் பெயிண்ட் மேல் திரவமாகப் பூசி இறுகவிடும் செராமிக் கோட்டிங் 28,000, மூன்று வருஷம் கேரண்டி, "சாவியால கோடு போட்டாலும் விழாது சார்" என்கிறார். இன்னொருவர் ரப்பிங் போட்டு வாக்ஸ் அடித்தால் 2,500, அதற்கு மேல் செலவழிப்பவன் ஏமாளி என்கிறார். வண்டி வாங்கும்போதே ஷோரூமில் டெஃப்லான் பூச்சு என்று 5,500 ரூபாய் பில்லில் சேர்த்திருந்தார்கள். அது எங்கே போனது என்றும் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

கடைசி பெஞ்ச்
ஜூன் 14, இரவு 10:58

28,000-க்கு நாலு டயரும் மாத்திட்டு மீதியில குடும்பத்தோட பிரியாணி சாப்பிடலாம். கார் ஓட்டத்தான், முகம் பார்க்க இல்லை.

பழைய பத்மினி
ஜூன் 15, காலை 6:20

தம்பி, நான் 1980-களில் பிரீமியர் பத்மினி வைத்திருந்தவன். அந்தக் காலத்துப் பெயிண்டில் மேலே தனியாகக் கண்ணாடிப் பூச்சு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பாலிஷ் போட்டால் துணி வண்டியின் நிறத்திலேயே வரும். "துடைச்சுத் துடைச்சே வண்டியைத் தேய்ச்சிடாதே" என்று என் அப்பா சத்தம் போடுவார். இன்றைய வண்டிகளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

என் ஓட்டு மெழுகுக்குத்தான். கார்னூபா என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு. வறண்ட காற்றில் தன் ஈரம் போகாமலிருக்க மரமே சுரந்துகொள்வது. அதைப் பூசிய பானெட்டில் மழை விழுந்தால் தாமரை இலைத் தண்ணீர்தான். என் வெள்ளி நிற வண்டிக்கு ஒன்பது வயது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நானே பூசுகிறேன். ஒரு டின் இரண்டு வருஷம் வருகிறது. கைக்கும் ஒரு வேலை, பேரனுக்கும் ஒரு விளையாட்டு.

மைக்ரான் மீட்டர்
ஜூன் 15, காலை 9:05

இதைத் தொழிலாகச் செய்கிறேன், கோவையில் சின்னக் கடை. வியாபாரம் பேச வரவில்லை.

முதலில் எதைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்று தெரிய வேண்டும். தகரத்தின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், கடைசியில் நிறமே இல்லாத கிளியர் கோட். கம்பெனிப் பெயிண்ட் எல்லாம் சேர்த்தே பெரும்பாலான வண்டிகளில் 90 முதல் 130 மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான்). அதில் கிளியர் கோட் 35 முதல் 50 வரை. தலைமுடி ஒன்றே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். காரின் பளபளப்பு முழுக்க ஒரு முடிக் கனம்கூட இல்லாத படலத்தில் இருக்கிறது. உங்கள் சிலந்தி வலைக் கோடுகளும் அதில்தான் விழுந்திருக்கின்றன.

ரப்பிங் போட்டால் கோடு நிரம்பிவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கோடு எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரம் சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைச் சீவி எடுப்பதுதான் ரப்பிங். ஒரு முறை செய்யலாம், பார்த்து இன்னொரு முறையும் செய்யலாம். பொங்கலுக்கு வெள்ளையடிப்பது போல வருஷா வருஷம் செய்தால் ஒரு நாள் கூரை தோல் உரியும். சாலையில் அப்படி உரிந்த வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள்.

2,500 ரூபாய் வேலை என்றால் பெரும்பாலும் வேகமாகச் சுற்றும் ரோட்டரி மெஷின், கம்பளி பேட், ஒரு மணி நேரம். கடையை விட்டு வெளியே எடுக்கும்போது ஜொலிக்கும். கோட்டுக்குள் அடைத்த எண்ணெய் இரண்டு வாஷில் கழன்றதும் பழைய கோடும் வரும், கூடவே மெஷின் போன வழியெல்லாம் ஹோலோகிராம் என்கிற, வெயிலில் நெளியும் ஒளித் தடமும் தெரியும்.

பணம் கட்டும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். இருட்டிய பிறகு போன் டார்ச்சை பானெட் மேல் சாய்த்துப் பிடித்து எங்கெங்கே கோடு அதிகம் என்று பாருங்கள். கழுவும் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, என்ன என்று அளந்து பாருங்கள், மீட்டர் சில நூறு ரூபாய்தான். மூன்றாவது, துடைக்கிற அண்ணன் எப்படித் துடைக்கிறார் என்று ஒரு நாள் கூடவே நின்று பாருங்கள். மூன்றாவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

வேப்பமரத்தடி
ஜூன் 17, காலை 8:12

பார்த்துவிட்டேன். இன்று 5:30 மணிக்கே எழுந்து பால்கனியில் காபியோடு நின்றேன்.

ஒரு பக்கெட், ஒரு பழைய பனியன் துணி. எங்கள் பிளாக்கில் மட்டும் 14 வண்டி. என் வண்டி பதினோராவது. அதற்கு முன் நின்றது ஒரு டாக்சி, அதன் சக்கரத்தையும் அதே துணியால்தான் துடைத்தார். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்திருந்தது. என் வண்டிக்கு முதலில் துணியைப் பிழிந்து தூசி தட்டினார், அப்புறம் நனைத்து வட்ட வட்டமாகத் தேய்த்தார். நடுவில் துணி கீழே விழுந்தது. எடுத்து ஒரு உதறு உதறிவிட்டு மறுபடியும் பானெட். மொத்தம் நான்கு நிமிஷம்.

டார்ச் வைத்துப் பார்த்தால் பானெட்டில் உள்ள வளையமும் அவர் கை சுற்றிய வட்டமும் ஒரே அளவு. மாதம் 600 ரூபாய் கொடுத்து நானே உப்புத்தாள் போட்டிருக்கிறேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 14 வண்டிக்கு 14 பக்கெட் தண்ணீர் எடுக்க எந்த வாட்ச்மேன் விடுவார்?

தண்ணீர் டிடிஎஸ் 1,480.

ஈசிஆர் வாசி
ஜூன் 17, காலை 11:30

1,480-ஆ! வெள்ளை வளையத்துக்கு விடை கிடைத்துவிட்டது சகோ. போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அவை இரண்டும் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். பாத்ரூம் குழாயில் படிகிற அதே உப்புதான். கார் கூரை சுட்டால் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

நான் திருவான்மியூர். எனக்குப் போர் தண்ணீரோடு கடல் காற்றும் சேர்ந்தது. காலையில் கண்ணாடியைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும், உண்மையாகவே செய்து பார்த்தேன். நான் செய்வது: வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. நிழலில், பானெட் ஆறியிருக்கும்போது, நனைத்த மைக்ரோஃபைபர் துணியைக் கறையின் மேல் ஒரு நிமிஷம் போட்டு வைத்துவிட்டு எடுத்துக் கழுவிவிடுவேன். புதுக் கறை கரைந்துவிடும். மாதக்கணக்கில் ஊறியது கிளியர் கோட்டையே குழித்திருக்கும், அதற்கு பாலிஷ்தான்.

கடைசி அலசலுக்கு ஏசி தண்ணீர். கிண்டல் செய்யாதீர்கள். ஏசியிலிருந்து சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்த தண்ணீர், உப்பு மிகக் குறைவு. என் வீட்டு ஏசியில் மீட்டர் 22 காட்டியது. மே மாதத்தில் ராத்திரிக்குள் ஒரு பக்கெட் நிறைந்துவிடும். ஒரு மக் எடுத்துக் கூரையிலிருந்து ஊற்றினால் வளையமே விழாது.

சிறுவாணி
ஜூன் 17, மதியம் 1:15

எங்க ஊர்ல குழாயைத் திறந்தாலே ஏசி தண்ணிதாங்க வருது.

ஈசிஆர் வாசி
ஜூன் 17, மதியம் 1:19

பொறாமைப்பட மாட்டேன் என்று சொன்னால் பொய்.

புதுசா வந்தேன்
ஜூன் 17, மாலை 4:40

ஏசி தண்ணி ஓகே. எங்க வீட்ல ஆர்ஓ மெஷின்ல வெளியே போற தண்ணியை வீணாக்காம கார் கழுவுறேன். ஆர்ஓ-ன்னா சுத்தம்தானே?

ஈசிஆர் வாசி
ஜூன் 17, மாலை 5:02

ஐயோ, அது நேர் எதிர். குடிக்கிற குழாயில் வருவதுதான் சுத்தம். வெளியே போகிற தண்ணீரில் வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருக்கும். உங்கள் போர் தண்ணீரைவிட அதில் டிடிஎஸ் அதிகம். அதை வைத்துத் தரை துடையுங்கள், பாத்ரூமுக்கு ஊற்றுங்கள். காருக்கு வேண்டாம்.

அம்மா சமையல்
ஜூன் 17, இரவு 8:30

வினிகர் வேலை செய்கிறதென்றால் புளி? பித்தளைக் குடத்துக் கறை புளியில் போகிறதே.

மைக்ரான் மீட்டர்
ஜூன் 17, இரவு 9:10

கணக்கு சரிதான், அதிலும் அமிலம்தான். ஆனால் புளியில் நார் இருக்கிறது, குடத்தைத் தேய்க்கிற கை கார் என்றாலும் அப்படியேதான் தேய்க்கும். குடத்துக்குக் கிளியர் கோட் இல்லை அம்மா.

வேதியியல் வாத்தியார்
ஜூன் 18, காலை 7:45

டெஃப்லான் 5,500 பற்றி யாரும் பேசவில்லையே. அதன் வேதிப்பெயர் பாலிடெட்ராஃப்ளூரோஎத்திலீன். எதிலும் ஒட்டாது என்பதுதான் அதன் பெருமை. தோசைக்கல்லில் அதை ஒட்டவைப்பதற்கே தொழிற்சாலையில் உலோகத்தைச் சொரசொரப்பாக்கி, உயர்ந்த வெப்பத்தில் சுட வேண்டியிருக்கிறது. அது உருகும் வெப்பநிலை 327 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் உங்கள் காரின் பெயிண்ட் மிஞ்சாது. ஷோரூம் பின்கட்டில் ஒரு பையன் ஸ்பாஞ்சால் தடவியது பெரும்பாலும் சாதாரண பாலிஷாகத்தான் இருந்திருக்கும். சில மாதத்தில் ஷாம்புவோடு போயிருக்கும்.

அப்புறம், செராமிக் கடைக்காரர்கள் '9ஹெச்' என்பார்கள், வைரம் 10, இது 9 என்று கையையும் விரிப்பார்கள். அது கனிமங்களை அளக்கும் மோஸ் அளவுகோல் இல்லை. பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனை. 9ஹெச் பென்சில் கீறவில்லை என்று அர்த்தம். பென்சிலில் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். தெருப் புழுதியில் இருப்பது குவார்ட்ஸ் மணல், மோஸ் அளவில் 7. சாவியால் கோடு போட்டாலும் விழாது என்றவரிடம் அவருடைய வண்டியில் முதலில் போட்டுக்காட்டச் சொல்லுங்கள்.

கடைசி பெஞ்ச்
ஜூன் 18, காலை 8:01

வாத்தியார் கிளாஸ்ல முதல் தடவையா முழிச்சிருக்கேன்.

துபாய் ஷிஃப்ட்
ஜூன் 19, இரவு 1:20

இங்கே அழுக்குக் காரைத் தெருவில் விட்டுவிட்டு ஊருக்குப் போனால் 500 திர்ஹாம் அபராதம், அதனால் எல்லோரும் துடைத்துக்கொண்டே இருப்போம். மணல் காற்று அடித்த மறுநாள் துணியை மட்டும் எடுக்கவே கூடாது, முதலில் தண்ணீர் அடித்து மணலை இறக்க வேண்டும். புரியாமல் முதல் வருஷமே ஒரு வெள்ளை வண்டியைச் சொரசொரப்பாக்கினேன். வெள்ளையில் கோடு தெரியாது என்பதால் மானம் தப்பியது. உங்களுடையது கறுப்பு, தப்பாது.

மைக்ரான் மீட்டர்
ஜூன் 21, காலை 10:30

வேப்பமரத்தடி போனில் கேட்டதை இங்கேயே எழுதுகிறேன், நாலு பேருக்கு உதவும்.

கழுவும் முறை. வண்டி ஆறியிருக்க வேண்டும், நிழலில் நிற்க வேண்டும். முதலில் வெறும் தண்ணீர், கூரையிலிருந்து கீழே. எவ்வளவு புழுதி தானாக இறங்குகிறதோ அவ்வளவு கோடு மிச்சம். பிறகு இரண்டு பக்கெட், ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். கையுறை மாதிரி மைக்ரோஃபைபர் மிட் கிடைக்கும். ஒரு கதவைத் துடைத்ததும் அதை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு ஷாம்புவில் முக்குங்கள். நேர்கோட்டில் இழுங்கள், வட்டம் போடாதீர்கள். கதவுகளின் கீழ்ப்பகுதி, பம்பர், கடைசியில் சக்கரம். சக்கரத்துக்குத் தனித் துணி, அது கூரைப் பக்கம் வரவே கூடாது. துணி கீழே விழுந்தால் அன்றைக்கு அது ரிட்டயர்.

ஷாம்பு என்றால் கார் ஷாம்பு. பாத்திரம் கழுவும் சோப்பும் துணி பவுடரும் பூசிய மெழுகைக் கழற்றிவிடும். வாட்டர் சர்வீஸ் செய்கிற இடங்களில் டீசல் அடித்து டயரையும் பிளாஸ்டிக்கையும் மினுக்கிக் கொடுப்பார்கள், ரப்பருக்கு அது எமன். முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கழுவிக் காய்ந்ததும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவுங்கள். வெறும் கைக்கு வழுவழுப்பாகத் தெரிந்தது கவருக்குள் ரவையைத் தொட்டது போல இருக்கும். அது சாதாரண வாஷில் போகாத ஒட்டுத் துகள். பிரேக்கிலிருந்தும் ரயில் தண்டவாளத்திலிருந்தும் பறக்கும் இரும்புத் தூள் இதில் நிறைய. இதற்கென்று ஒரு திரவம் இருக்கிறது, அடித்தால் இரும்பு இருக்கிற இடமெல்லாம் நாவல்பழச் சாறு போல ஊதா நிறத்தில் வழியும். வெள்ளை வண்டியில் இதைப் பார்க்கப் பக்கத்துக் கடைக்காரரே வந்து நிற்பார். நாற்றம் மட்டும் அழுகின முட்டை. மிச்சம் ஒட்டியிருப்பதைப் பிசைந்த களிமண் போன்ற கிளே கட்டியால் ஷாம்புத் தண்ணீர் வழுக்கலோடு எடுப்போம். கிளே கட்டியும் கீழே விழுந்தால் குப்பைத் தொட்டிக்குத்தான்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பாலிஷ், அதற்கும் பிறகுதான் மெழுகா செராமிக்கா என்ற பேச்சே.

வேப்பமரத்தடி
ஜூன் 21, மாலை 6:48

கவர் வைத்துத் தடவினேன். ரவை இல்லை சார், கோதுமை ரவை.

பழைய பத்மினி
ஜூன் 22, காலை 6:05

சரி, அந்தப் பேச்சுக்கு வருவோம். மெழுகு என்றால் பிடிக்கவில்லையென்றால் துடைத்துவிடலாம், தப்பாகப் பூசினால் மறுபடி பூசலாம். செராமிக்கைத் தப்பாகப் போட்டால் மெஷின் வைத்துத்தானே எடுக்க வேண்டும்?

ஈசிஆர் வாசி
ஜூன் 22, காலை 9:40

ஐயா, மெழுகு உங்கள் கையில் இரண்டு மாதம் நிற்கிறதென்றால் உங்கள் வண்டி கார் ஷெட்டில் நிற்கிறது. என்னுடையது வெயிலில். சித்திரை மாதம் கூரையில் கை வைக்க முடியாது. நான் பூசிய மெழுகு ஐந்தாவது வாரமே தண்ணீரை உருட்டுவதை நிறுத்திவிட்டது. போன வருஷம் செராமிக் போட்டேன், 22,000. கோடு விழாமல் இல்லை, விழுகிறது. ஆனால் அழுக்கு ஒட்டுவது குறைந்திருக்கிறது, கழுவ முன்பு முக்கால் மணி நேரம் ஆனது, இப்போது அரை மணி. உப்புக் காற்றும் கழுவினவுடன் இறங்கிவிடுகிறது. எனக்கு அது போதும்.

மைக்ரான் மீட்டர்
ஜூன் 22, மதியம் 12:20

இரண்டு பேரும் சரி. கார்னூபா உருகுவது 82 டிகிரிக்கு மேல்தான், ஆனால் அதைக் கரைப்பானிலும் வேறு மெழுகிலும் கலந்துதான் டின்னில் அடைக்கிறார்கள், வெயிலில் அது சீக்கிரம் தளரும். செராமிக் என்பது சிலிக்கா சார்ந்த திரவம், காய்ந்தால் பெயிண்ட்டோடு இறுகிக்கொள்ளும். தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான். கல் தெறிப்பதைத் தடுக்க வேண்டுமானால் பிபிஎஃப் என்கிற பாலியூரித்தேன் படலம், அது 150 முதல் 200 மைக்ரான். அதன் விலைக்கு ஒரு பழைய பைக் வாங்கலாம்.

ஆனால் வேப்பமரத்தடிக்கு நான் இப்போது செராமிக் போட மாட்டேன், என் கடையாக இருந்தாலும். காரணம் இரண்டு. போட்ட முதல் நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, ஒரு வாரத்துக்கு ஷாம்பு கூடாது. திறந்த வெளியில் வேப்பம் பிசினும் பனியும் விழுகிற இடத்தில் அது நடக்காது. அடுத்தது, 1,480 டிடிஎஸ் தண்ணீர் செராமிக் மேலேயும் வளையம் போடும். தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், ஒவ்வொரு முத்தும் காய்ந்து ஒரு பொட்டு. தண்ணீரையும் துணியையும் மாற்றுங்கள், ஒரு சுற்று லேசான பாலிஷ், மேலே மெழுகு அல்லது ஸ்பிரே சீலண்ட் என்கிற, அடித்துத் துடைக்கும் செயற்கைப் பூச்சு. ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

வேப்பமரத்தடி
ஜூலை 12, இரவு 9:30

வேலை முடிந்தது. இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதாக ஒரு கடை. வேளச்சேரி தாண்டிச் சின்ன ஷெட். அவர் விலை சொல்வதற்கு முன்பே தடிமன் பார்க்கும் மீட்டரை எடுத்தார், அங்கேயே எனக்குப் பிடித்துவிட்டது.

பானெட் 108, கூரை 112, வலது கதவுகள் 104, 110. இடது பின்கதவில் வைத்தார், 243. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், 238. என்னைப் பார்த்தார். "சார், இந்தக் கதவுக்கு எப்போ டிங்கரிங் பெயிண்டிங் பண்ணீங்க?"

நான் பண்ணவே இல்லை. இரண்டு வருஷத்தில் அந்தப் பக்கம் ஒரு உரசல்கூடக் கிடையாது. புது வண்டி என்று மாலை போட்டு, சாவியைக் கேக் மாதிரிப் பெரிய அட்டையில் வைத்து, போட்டோ எடுத்துக் கொடுத்தார்களே, அதற்கு முன்பே எங்கேயோ இடித்துப் பூசியிருக்கிறார்கள். ரப்பர் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார், உள்ளே பெயிண்ட் தூசு படிந்த மெல்லிய வரம்பு. இரண்டு வருஷமாக தினமும் அந்தக் கதவைத் திறந்து என் பெண்ணை உட்காரவைக்கிறேன், ஒரு நாளும் கண்ணில் படவில்லை. ஷோரூமுக்குப் போன் செய்தேன், டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்று முடித்துவிட்டார்கள். விட்டுவிட்டேன் என்று சொல்ல முடியாது, எழுதிக் கேட்டிருக்கிறேன்.

பாலிஷ் ஐந்து மணி நேரம் ஆனது, ரோட்டரி இல்லை, ஆடி ஆடிச் சுற்றும் டிஏ மெஷின். முடிந்ததும் பானெட் 105. மூன்று மைக்ரான் போனது. கோட்டில் பத்தில் எட்டு போய்விட்டது. மீதிக் கோட்டையும் எடுக்கவா என்று கேட்டதற்கு அவரே வேண்டாம் என்றார், "அடுத்த தடவைக்கு மிச்சம் வைங்க". 6,500 ரூபாய்.

மெழுகு நானே பூசினேன். முதல் முறை வெண்ணெய் தடவுவது போல அப்பிவிட்டேன், துடைத்து எடுப்பதற்குள் தோள்பட்டை போய்விட்டது. கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்ட இடம் வெள்ளையாகக் காய்ந்து நிற்கிறது.

பழைய பத்மினி
ஜூலை 13, காலை 6:00

சுண்டைக்காய் அளவு போதும் தம்பி ஒரு கதவுக்கு. தோசைக்கல்லில் வெங்காயத்தை வெட்டி எண்ணெய் தேய்ப்போமே, அந்தக் கனம். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். ஓரமாக விரலால் ஒரு இழுப்பு இழுத்துப் பார், கோடு சுத்தமாக விழுந்தால் துடைக்கலாம், ஈஷிக்கொண்டால் இன்னும் கொஞ்சம் பொறு. பிளாஸ்டிக் ஓரங்களுக்கு முதலிலேயே டேப் ஒட்டிவிடு. இப்போது பட்டதைப் பழைய டூத்பிரஷ்ஷில் ஷாம்பு தொட்டு மெதுவாக எடு.

கதவு விஷயம் கேட்டு மனசு கஷ்டமாக இருக்கிறது. விடாதே.

புதுசா வந்தேன்
ஜூலை 13, காலை 10:10

அந்த துடைக்கிற அண்ணனை நிறுத்திட்டீங்களா?

வேப்பமரத்தடி
ஜூலை 13, இரவு 8:15

இல்லை. நயமாகப் பேசி அவரோடு ஒரு ஒப்பந்தம். என் வண்டியை தினமும் தொட வேண்டாம். வாரம் இரண்டு நாள் வந்தால் போதும், அதே 600. இரண்டு பக்கெட், மிட், மூன்று துணி நான் வாங்கிக் கொடுத்து டிக்கியில் வைத்திருக்கிறேன். முதல் நாள் "சார், தண்ணி ஊத்தினாலே பாதி போயிடுதே" என்று அவரே ஆச்சரியப்பட்டார். இரண்டாவது வாரம் என் மிட்டை வைத்துப் பக்கத்து வீட்டு எஸ்யூவியின் சக்கரத்தைத் துடைத்துவிட்டார். இப்போது சக்கரத் துணிக்கு ஓரத்தில் சிவப்பு நூல் தைத்துக் கொடுத்திருக்கிறாள் என் மனைவி. மைக்ரோஃபைபரை மட்டும் தனியாகத் துவைக்கிறோம், துணி மணக்கப் போடுகிற கண்டிஷனர் சேர்ப்பதில்லை. சேர்த்தால் நூலில் பிசின் ஏறித் தண்ணீரை உறிஞ்சாதாம்.

ஏசி தண்ணீர் என் வீட்டில் 31.

ஈசிஆர் வாசி
ஆகஸ்ட் 24, மாலை 5:30

ஒரு நிமிஷம் அழுதுகொள்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் அலுவலகத்து மரத்தடியில் காக்கை எச்சம். மாலை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். செராமிக் இருக்கிறதே என்ற தைரியம். மாலை கழுவினால் எச்சம் போய்விட்டது, அதன் வடிவம் அப்படியே மங்கலாக நிற்கிறது.

மைக்ரான் மீட்டர்
ஆகஸ்ட் 24, மாலை 6:10

எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது என்பது பாதிதான். வெயிலில் பெயிண்ட் சூடாகி இளகி விரியும், எச்சம் காய்ந்து இறுகும். சாயங்காலம் பெயிண்ட் குளிர்ந்து சுருங்கும்போது அந்த இறுகின மேட்டைச் சுற்றியே அச்சு வார்த்தாற்போல அமர்ந்துவிடும். மெழுகோ செராமிக்கோ உங்களுக்குக் கொடுப்பது கொஞ்ச நேரம்தான். ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு துணியும் கதவில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரத் துணியை மேலே போட்டு ஊறவிட்டு வழித்து எடுங்கள், காய்ந்ததைத் தேய்க்காதீர்கள். இப்போது விழுந்த அச்சு லேசானதாக இருந்தால் சூடு ஏறும்போது கொஞ்சம் தணியலாம். இல்லையென்றால் அந்த இடத்துக்கு மட்டும் கையால் பாலிஷ்.

பழைய பத்மினி
செப்டம்பர் 29, காலை 6:15

ஆயுத பூஜை வருகிறது. போன வருஷம் மருமகள் பக்தியோடு பானெட் நடுவில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். மூன்று நாள் அப்படியே விட்டோம். சாயம் இறங்கி ரோஜா நிறத்தில் வட்டம், இன்றைக்கும் உற்றுப் பார்த்தால் தெரியும். மாலையைக் கட்டிய கம்பி வேறு ஓட்டும்போது ஆடி ஆடிக் கீறியிருந்தது. இந்த முறை முன்கண்ணாடியில் பொட்டு, மாலை நிற்கும் வண்டிக்கு மட்டும் என்று சொல்லிவிட்டேன்.

வேப்பமரத்தடி
அக்டோபர் 2, காலை 11:25

ஐயா சொன்னபடி அம்மாவிடம் கெஞ்சிக் கண்ணாடியில் பொட்டு வைக்கச் செய்தேன். "சாமிக்கே இடம் மாத்துறியாடா" என்று ஒரு பாட்டு விழுந்தது. எலுமிச்சம்பழம் நசுக்கித் தெருமுனை வரை போய்த் திரும்பினால், எதிர் வீட்டுக்காரர் சரியாக என் முன்னால் பூசணிக்காயைப் போட்டு உடைத்தார். உள்ளே வைத்த குங்குமத் தண்ணீர் முழுதும் என் முன் பம்பரில். வினிகர் போடலாமா? அவசரம்.

மைக்ரான் மீட்டர்
அக்டோபர் 2, காலை 11:31

வினிகர் வேண்டாம். தண்ணீரை ஊற்றுங்கள், கை வைக்காதீர்கள். பிறகு ஷாம்புத் தண்ணீரில் நனைத்த துணியைப் போட்டு ஐந்து நிமிஷம் ஊறவிடுங்கள்.

வேப்பமரத்தடி
அக்டோபர் 2, மதியம் 12:10

மெழுகு இருந்த இடத்தில் சுவடே இல்லாமல் போய்விட்டது. டேப் ஒட்டி மெழுகு படாமல் காப்பாற்றிய கறுப்பு பிளாஸ்டிக் கிரில் மட்டும் இப்போது சிவப்பு.

கடைசி பெஞ்ச்
அக்டோபர் 2, மதியம் 12:14

அப்போ டயர் எப்ப மாத்துறீங்க?